கத்தரி காய்க்கிற நாளைப் பார்த்து மெனு எழுதுங்கள்

கேள்வி: கோவையில் நானும் என் மனைவியும் 60 பேர் உட்காரும் சைவ உணவகம் நடத்துகிறோம். மருந்து தெளிக்காத உள்ளூர்க் காய்கறியும் காளானும்தான் சமைப்பது என்று முடிவு செய்து, தொண்டாமுத்தூர் பக்கம் ஒரு இயற்கை விவசாயியிடம் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பேசி வைத்தோம். நான்கு மாதம் ஆகிறது. ஒரு நாள் 40 கிலோ கத்தரிக்காய் வந்து இறங்குகிறது. அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை. சொத்தையும் அதிகம். காலையில் வாங்கும் சிப்பிக் காளான் இரவுக்குள் பிசுபிசுத்து நாற்றம் அடிக்கிறது. பாதி நாள் மண்டியில்தான் வாங்குகிறோம். வாடிக்கையாளரிடம் பொய் சொல்வதுபோல் உறுத்துகிறது. சான்றிதழ் உள்ளவர்களிடம் மட்டும் வாங்கினால் சரியாகுமா?

பதில்: வணக்கம். உறுத்துகிறது என்று எழுதினீர்களே, அந்த உறுத்தல் இருக்கிறவரை இந்த வேலை உருப்படும். உங்கள் விவசாயி உங்களை ஏமாற்றவில்லை. தோட்டம் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது. கத்தரி நட்ட 55, 60 நாளில் முதல் பறிப்புக்கு வரும். அதன்பிறகு நான்கைந்து நாளைக்கு ஒரு பறிப்பு. முதல் இரண்டு மூன்று பறிப்பு கொஞ்சமாக, நடுவில் கொட்டோ கொட்டென்று, பிறகு செடி ஓய ஓயக் குறைந்துகொண்டே போகும். ஒரே நாளில் நட்ட ஒரே வயலை நம்பினால் அந்த ஏற்ற இறக்கம் அப்படியே உங்கள் சமையலறைக்குள் வரும். மண்டியில் அது தெரியாது. நூறு தோட்டத்துக் காய் அங்கே ஒன்றாகக் கலப்பதால் வரத்து சமமாகிவிடுகிறது. மண்டியை விட்டு வெளியே வந்தவர், மண்டி செய்த அந்த வேலையைத் தானே செய்தாக வேண்டும். நீங்கள் விட்டது அதைத்தான்.

முதலில் போன மாதம் வாங்கிய எல்லாக் காய்க்கும் கிலோ கணக்கு எடுங்கள். ரூபாய்க் கணக்கு வேண்டாம், கிலோதான். அதை மூன்றாகப் பிரியுங்கள்.

மருந்தில்லாமல் சுலபமாக வருபவை முதல் பிரிவு: கீரை வகைகள், முருங்கை, சுரை, பூசணி, கொத்தவரை, அவரை, சேனை, சேம்பு, மரவள்ளி, வாழைப்பூ, வாழைத்தண்டு, வாழைக்காய், பப்பாளிக்காய், சுண்டை, மணத்தக்காளி. இவற்றிலும் பூச்சி உண்டு. ஆனால் வேப்பங்கொட்டைச் சாறு, இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல் அளவிலேயே பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

இரண்டாவது, கைதேர்ந்தவரால் மட்டுமே மருந்தில்லாமல் எடுக்க முடிகிறவை: கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகாய், பாகல், காலிஃபிளவர், முட்டைக்கோஸ். கத்தரியில் தண்டையும் காயையும் துளைக்கும் துளைப்பான் புழு. புழு காய்க்குள் போய்விட்டால் மேலே எதைத் தெளித்தும் பயனில்லை. அதனால்தான் வழக்கமான தோட்டங்களில் பறிப்புக்குப் பறிப்பு மருந்து அடிக்கிறார்கள். கோஸ் வகையில் வைரமுதுகுப் புழு. பாகலில் பழ ஈ.

மூன்றாவது, சமவெளியில் சரியாக வராதவை: கேரட், பீன்ஸ், உருளை. பெரும்பாலும் நீலகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக வரும். இவற்றை உள்ளூர் என்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட வேண்டாம். நீலகிரியில் இயற்கை முறையில் பயிரிடும் ஒரு குழுவைப் பிடித்து வாரம் இரண்டு நாள் வரவழைத்தால் போதும், இவை தாங்கும்.

இப்படிப் பிரித்துப் பார்த்தால் உங்கள் மெனுவின் பெரும்பங்கு இரண்டாவது, மூன்றாவது பிரிவில் இருப்பது தெரியும். உணவகங்களில் அப்படித்தான் இருக்கிறது. சாம்பாருக்குக் கேரட் பீன்ஸ், பொரியலுக்கு முட்டைக்கோஸ், மஞ்சூரியனுக்குக் காலிஃபிளவர். கோளாறு விவசாயியிடம் இல்லை என்று சொன்னது இதனால்தான். எது கடினமோ அதைத் தினமும் ஒரே அளவில் கேட்கிற மெனுவை எந்த இயற்கை விவசாயியாலும் நிறைவேற்ற முடியாது. காய்ப் பெயர் இல்லாமல் 'இன்றைய பொரியல்', 'இன்றைய கூட்டு', 'இன்றைய கீரை' என்று எழுதுங்கள். சாம்பாரில் பூசணி, முருங்கை, சேம்பு, வாழைத்தண்டு என்று மாறி மாறி வரட்டும். காய்ப் பெயரோடு நிலையாக நிற்கும் பண்டங்கள் ஐந்தாறைத் தாண்டக் கூடாது. கத்தரி மலிந்து வரும் வாரத்தில் எண்ணெய்க் கத்தரிக்காய், கொத்சு, வாங்கிபாத் மூன்றும் பலகையில் இருக்கட்டும். அப்போதும் மிஞ்சினால் நறுக்கி உப்பில் வேகவைத்து வெயிலில் காயவைத்தால் வற்றல். கொங்கு நாட்டு வீடுகளில் மிஞ்சின கத்தரிக்குச் செய்தது இதுதான். 40 கிலோ வந்து இறங்கிய நாளில் அது உங்களுக்கும் கைகொடுக்கும்.

அடுத்தது ஆட்கள். ஒரே விவசாயியிடம் எல்லாவற்றையும் கேட்பதை விடுங்கள். ஐந்தாறு பேர் வேண்டும், ஒவ்வொரு முக்கியப் பயிருக்கும் குறைந்தது இரண்டு பேர். அந்த இருவரின் தோட்டமும் ஒரே ஊரில் இருக்க வேண்டாம். தொண்டாமுத்தூர் அடிவாரத்தில் ஒரே இரவில் யானையோ காட்டுப்பன்றியோ புகுந்து வாழையையும் மரவள்ளியையும் முடித்துவிடும். கிணத்துக்கடவு பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் நீங்கள் தப்பிப்பீர்கள். ஆளைத் தேடும் இடம் உழவர் சந்தை. அங்கே விற்பவர்கள் அடையாள அட்டை வைத்திருக்கிற சாகுபடிக்காரர்கள். விடியற்காலையில் போய் ஒரு வாரம் தொடர்ந்து பாருங்கள். ஒருவரே தக்காளி, கேரட், பீன்ஸ், வெங்காயம் எல்லாம் வைத்திருந்தால் அவர் வாங்கி விற்கிறார் என்று பொருள். நான்கு கட்டுக் கீரை, கொஞ்சம் சுரை, பத்துப் பன்னிரண்டு வாழைப்பூ என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத சரக்கோடு உட்கார்ந்திருப்பவரின் தோட்டத்துக்குத்தான் நீங்கள் போக வேண்டும்.

கீரைக்கு ஒரு கணக்கு. தினம் 10 கிலோ முளைக்கீரை வேண்டும் என்றால் வாரத்துக்கு 70 கிலோ. விதைத்த 25 நாளில் அறுவடை. சென்ட்டுக்கு 30 கிலோ என்று குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். வாரம் 3 சென்ட் விதைக்க வேண்டும். அறுத்த பாத்தியைக் கொத்தி எருவிட்டு மறுபடி விதைக்கும் நாளையும் சேர்த்தால் ஐந்து பாத்தி, மொத்தம் 15 சென்ட். இந்தக் கணக்கோடு போய், "வாரா வாரம் வெள்ளிக்கிழமை 3 சென்ட் விதையுங்கள், அறுத்தது முழுவதும் எங்களுடையது" என்று சொல்லுங்கள். விவசாயிக்கு இதைவிடத் தெளிவான ஆர்டர் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கீரை அழுகும், மண் தெறித்துக் கெடும். அந்த இரண்டு மாதத்துக்கு முருங்கைக்கீரை, அகத்தி போன்ற மரக்கீரைகளை இப்போதே பேசி வையுங்கள். கத்தரி, தக்காளி, வெண்டைக்கும் இதே முறைதான்: ஒரே நாளில் முழு வயலும் நடாமல் மூன்று வார இடைவெளியில் மூன்று பகுதியாக நடவு. கத்தரி, தக்காளி என்றால் நாற்றுக்கு 25, 30 நாள், நட்டபின் இரண்டு மாதம். ஆக இன்று பேசினால் மூன்று மாதம் கழித்துத்தான் காய். நாற்றுச் செலவில் பாதியை முன்பணமாகக் கொடுத்தால் பேச்சு உறுதியாக நிற்கும்.

தோட்டத்தைப் பார்க்கப் போகும்போது பயிரைப் பார்ப்பதற்கு முன் மோட்டார் ரூமைப் பாருங்கள். தண்ணீர் கேட்டுக்கொண்டே உள்ளே போகலாம். பரணில், கதவுக்குப் பின்னால், மூலையில் கிடக்கும் சாக்கின் அடியில் என்னென்ன பாட்டில், பாக்கெட் இருக்கிறது? தூசி படிந்த பழைய பாட்டில் எல்லாத் தோட்டத்திலும் இருக்கும், அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். மூடி திறந்து, கழுத்தில் ஈரம் காயாமல் இருந்தால் அது இந்த வாரத்துச் சரக்கு. மறுபக்கம் இயற்கை விவசாயத்துக்கான பஞ்சகவ்ய டிரம், மீன் அமிலக் கேன், வேப்பங்கொட்டை மூட்டை இருக்கின்றனவா, பயன்பாட்டில் இருக்கின்றனவா? பஞ்சகவ்யம் எவ்வளவு கலக்கிறார் என்று கேளுங்கள். 100 லிட்டருக்கு 3 லிட்டர் என்பார். வேப்பங்கொட்டைச் சாறு என்றால் 100 லிட்டருக்கு 5 கிலோ கொட்டை. தினமும் செய்கிறவருக்கு இந்த எண்கள் யோசிக்காமல் வரும்.

பிறகு கத்தரி வயலுக்குள் இறங்குங்கள். நுனி வாடித் தொங்கும் கிளையைத் தேடிப் பிளந்து பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்புப் புழு இருக்கும். மருந்தில்லாத தோட்டத்தில் ஒன்றிரண்டு அகப்படுவது இயல்பு. கேள்வி, அதை என்ன செய்கிறார் என்பது. வாரம் ஒருமுறை வாடிய நுனிகளைக் கிள்ளி வெளியே கொண்டுபோய் அழிக்கிறாரா, ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி (ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிப்பது) கட்டி மாதாமாதம் அதன் வாசனைக் குப்பியை மாற்றுகிறாரா, கத்தரி ஓய்ந்த இடத்தில் மறுபடி கத்தரியே வைக்கிறாரா? கடைசிக் கேள்விக்கு "ஆமாம்" என்றால் சொத்தை குறையவே குறையாது. உங்களுக்கு வந்த சொத்தைக்கும் இதுவே காரணமாக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். பத்துக்கு ஒரு காய் சொத்தை என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள். மூன்றுக்கு ஒன்று என்றால் விவசாயிக்கும் அது நட்டம்.

சான்றிதழ் பற்றிக் கேட்டீர்கள். இரண்டு வழி நடைமுறையில் உள்ளன. ஒன்று, வெளி நிறுவனம் வந்து ஆய்வு செய்யும் என்பிஓபி (தேசிய இயற்கை உற்பத்தித் திட்டம்). தமிழ்நாட்டில் அரசுத் துறையே இதைச் செய்கிறது, அதன் தலைமையிடம் உங்கள் ஊரில்தான். மற்றொன்று, விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் தோட்டத்தை மற்றவர் சோதிக்கும் பிஜிஎஸ் இந்தியா. மாறிக்கொண்டிருக்கும் தோட்டத்துக்கு பிஜிஎஸ் கிரீன், முழுமையாக மாறியதற்கு பிஜிஎஸ் ஆர்கானிக். உள்ளூர்க் காய்கறிக்கு பிஜிஎஸ் போதுமானது, செலவும் குறைவு. ஆனால் சான்றிதழை மட்டும் பார்த்து வாங்குவது சரியல்ல. அதில் உள்ள சர்வே எண்ணும் பயிரும் பரப்பும் உங்களுக்கு வரும் காயோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். அரை ஏக்கர் தக்காளிக்குச் சான்று வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் தினம் 100 கிலோ தருகிறார் என்றால் கணக்கு இடிக்கிறது. சான்று இல்லாத நல்ல தோட்டங்களும் நிறைய. அவர்களிடம் தாராளமாக வாங்குங்கள், மெனுவில் 'ஆர்கானிக்' என்ற சொல்லை மட்டும் போடாதீர்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி அந்தச் சொல்லுக்குச் சான்று வேண்டும். 'தொண்டாமுத்தூர் கத்தரி' என்று ஊர்ப் பெயரைப் போடுங்கள். அதை யாரும் கேள்வி கேட்க முடியாது, சாப்பிடுகிறவருக்கும் அதுதான் பிடிக்கும்.

இனி காளான். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது இதுதான். காரணம், கெட்ட கத்தரியை வெட்டி எறியலாம், கெட்ட காளான் வயிற்றைக் கெடுக்கும்.

பிசுபிசுப்புக்குக் காரணம் பெரும்பாலும் மூன்று. பறிப்பதற்கு முன் பெட்டின்மேல் (காளான் வளரும் வைக்கோல் பையின்மேல்) தண்ணீர் தெளித்திருப்பார்கள். எடை கூடும், காளானும் நீரை உறிஞ்சிக்கொள்ளும். இரண்டாவது, பறித்த சூட்டோடு பாலித்தீன் பையில் போட்டுக் கட்டியிருப்பார்கள். காளான் பறித்த பிறகும் வேகமாக மூச்சுவிடும், சூடாகும், பைக்குள் வியர்க்கும், அந்த வியர்வையில் பாக்டீரியா பெருகும். மூன்றாவது, முற்றிய காளான். ஒரு கொத்தைக் கையில் எடுத்துக் குடையின் ஓரத்தைப் பாருங்கள். ஓரம் சற்றே உள்பக்கமாக மடிந்திருந்தால் சரியான பருவம். ஓரம் மெலிந்து மேல்நோக்கிச் சுருண்டு, கீழ் அடுக்குக் குடையின்மேல் வெள்ளை மாவு தூவியதுபோல் படிந்திருந்தால் வித்துகள் கொட்டத் தொடங்கிவிட்டன. அது அன்று மதியத்துக்குள் தீர வேண்டிய சரக்கு. லேசாக அமுக்கினால் விரலில் ஈரம் ஒட்டக் கூடாது.

வளர்ப்பவரிடம் சொல்ல வேண்டியது: விடியற்காலையில் தண்ணீர் தெளிக்கும் முன் பறிக்க வேண்டும், அடித்தண்டை வைக்கோல் இல்லாமல் நறுக்க வேண்டும், ஆழமில்லாத கிரேட்டில் காகிதம் விரித்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் அடுக்காமல் அனுப்ப வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது: வந்த உடனே 2 முதல் 4 டிகிரியில் வைப்பது, பையைக் கட்டாமல் துணியோ காகிதமோ மூடுவது, சமைக்கும் நேரம்வரை கழுவாமல் இருப்பது. கோவை வெயிலில் வெளியே வைத்தால் சிப்பிக் காளான் ஒரு நாள்கூட நிற்காது. குளிரில் மூன்று நாள் தாங்கும் என்றாலும் இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

வரத்து விட்டுவிட்டு வருவதற்கும் கணக்கு இருக்கிறது. நீங்கள் தினம் 40 தட்டு காளான் பண்டம் விற்று, தட்டுக்கு 150 கிராம் போட்டால் சுத்தம் செய்தது 6 கிலோ, வாங்குவது ஆறரைக் கிலோ. அரைக் கிலோ காய்ந்த வைக்கோல் போட்ட ஒரு பெட், தன் 45 நாள் ஆயுளில் மூன்று பறிப்பில் ஏறக்குறைய அரைக் கிலோ காளான் தரும். ஆகவே தினமும் 13 புது பெட் போட வேண்டும், குடிலில் எப்போதும் 600 பெட் அளவு தொங்க வேண்டும். வளர்ப்பவரிடம் "மொத்தம் எத்தனை பெட்" என்று கேட்காதீர்கள், "தினம் எத்தனை போடுகிறீர்கள்" என்று கேளுங்கள். ஒரே வாரத்தில் 300 பெட் போட்டு முடிப்பவரிடம் மூன்றாவது வாரம் காளான் குவியும், அப்புறம் வறண்டுவிடும்.

அடுத்த கேள்வி: வைக்கோலை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள்? பரவலாக உள்ள ஒரு முறை, 100 லிட்டர் தண்ணீரில் 7.5 கிராம் கார்பென்டசிம், 125 மில்லி ஃபார்மலின் கலந்து ஓரிரவு ஊறவைப்பது. மலிவு, சுலபம். ஆனால் மருந்தில்லாத உணவு என்று சொல்லும் உங்களுக்கு இது பொருந்தாது. வெந்நீரில் 80 டிகிரியில் ஒரு மணி நேரம் அமுக்கி வைப்பவரை, அல்லது நீராவியில் அவிப்பவரைத் தேடுங்கள். விறகுச் செலவு சேரும், கிலோவுக்குக் கூடுதலாகக் கொடுங்கள். குடிலின் கதவிலும் சன்னலிலும் ஈ புகாத வலை இருக்கிறதா? வலை இல்லாத இடத்தில் ஈக்கு மருந்து அடிப்பார்கள். டைக்குளோர்வாஸ் 2020 டிசம்பர் 31 முதல் நாட்டில் தடை செய்யப்பட்ட மருந்து. அதன் பாட்டிலைக் குடிலில் பார்த்தால் அங்கே மேற்கொண்டு பேச எதுவும் இல்லை. பச்சைப் பூசணம் பிடித்த பெட்டுகள் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தாலும் வேறு இடம் பாருங்கள்.

சித்திரை, வைகாசியில் சிப்பிக் காளானை வற்புறுத்தாதீர்கள். அதற்கு 20 முதல் 28 டிகிரி வேண்டும். அந்த மாதங்களுக்குப் பால் காளான், 30 முதல் 35 டிகிரியில் செழிப்பாக வரும். நம் சமவெளி வெயிலுக்கு ஏற்றது, சதைப்பற்று அதிகம், சீக்கிரம் கெடாது, பிரியாணியிலும் குழம்பிலும் கரையாமல் நிற்கும். சிப்பிக் காளானைக் கையால் கிழித்து அடுப்பை முழுத் தீயில் வைத்துச் சுக்கா போடுவதுதான் நன்றாக இருக்கும், குழம்பில் தளர்ந்துவிடும். மொட்டுக் காளான் நீலகிரிச் சரக்கு. முதல் மழைக்குப் பிறகு புற்றுக்காளான் கொண்டுவருவார்கள். ருசிக்கு ஈடில்லைதான். ஆனாலும் காட்டுக் காளான் எதையும் உணவகத்துக்கு வாங்க வேண்டாம். வெள்ளிக் காசு கறுக்கும், பூச்சி கடித்தால் நல்லது என்ற சோதனைகள் எல்லாம் தவறு. கொல்லும் வகைக் காளானின் நஞ்சு வேகவைத்தாலும் போகாது.

விலையை அன்றாட மண்டி விலையோடு கட்டாதீர்கள். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. கிலோ 10 ரூபாய்க்கும் கீழே போய் வயலிலேயே விட்ட வாரங்களும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் பருவத்துக்கு ஒரே விலை பேசுங்கள். உழவர் சந்தை விலைப் பலகையை ஓராண்டுக்குச் சராசரி எடுத்து, அதன்மேல் மருந்தில்லாத சாகுபடிக்குக் குறையும் விளைச்சலையும் கூடும் கூலியையும் அவரோடு உட்கார்ந்து கணக்கிட்டுச் சேருங்கள். உங்கள் தேவையில் 70 சதவீதத்தை மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள். விலை ஏறினாலும் அந்த அளவை அவர் தர வேண்டும், இறங்கினாலும் நீங்கள் அதே விலைக்கு எடுக்க வேண்டும். வளைந்த வெள்ளரி, கொஞ்சம் பெருத்த சுரை, மேலே தழும்புள்ள கத்தரி இவற்றையும் எடுங்கள். பொடியாக நறுக்கும் பண்டத்துக்குத் தழும்பு தெரியவா போகிறது? பணம் வாராவாரம் சனிக்கிழமை வங்கிக் கணக்கில் போய்விட வேண்டும். பலசரக்குக் கடைக்குச் செய்வதுபோல் 45 நாள் கடன் சொன்னால் அறுப்புக்கூலி கொடுக்கக்கூட அவரிடம் பணம் இருக்காது, காய் மண்டிக்குப் போய்விடும்.

வாங்கிய விலையை வைத்துத் தட்டு விலை போடுவதிலும் பலர் தவறுகிறார்கள். 10 கிலோ வாழைப்பூ வாங்கி ஆய்ந்தபின் 4 கிலோதான் நின்றால் அடக்கவிலை இரண்டரை மடங்கு. ஒவ்வொரு காய்க்கும் ஒரு வாரம் ஆய்ந்து எடை போட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

சேமிப்பில் ஒன்று மட்டும். எல்லாக் காயையும் ஒரே குளிர் அறையில் 4 டிகிரியில் அடைக்காதீர்கள். கத்தரி, வெண்டை, வெள்ளரி 10 டிகிரிக்குக் கீழே சில நாளில் புள்ளி விழுந்து பழுப்பாகும். தக்காளி குளிரில் ருசி போய் மாவாகும். இவற்றை நிழலில், காற்றோட்டத்தில், கிரேட்டில் வையுங்கள். கீரைக்கும் காளானுக்கும் மட்டும் குளிர். கீரையை மண் போக மூன்று தண்ணீரில் அலசிய பிறகு, 5 சதவீத உணவுத் தர சோடியம் ஹைப்போகுளோரைட்டை லிட்டருக்கு 1 மில்லி கலந்த நீரில் ஐந்து நிமிடம் வைத்து, நல்ல தண்ணீரில் மறுபடி அலசுங்கள்.

மண்டியில் வாங்கும் நாள் இனியும் வரும். வாசல் பலகையில் அன்றைய காய்களை ஊரோடு எழுதி, மண்டிக் காய்க்கு எதிரே 'மண்டி' என்றே எழுதுங்கள். உங்கள் உறுத்தல் அதோடு தீரும்.

இப்போதுள்ள விவசாயியை விட்டுவிடாதீர்கள். ஆடிப்பட்டத்துக்கு அவர் நாற்று விடுவதற்கு முன் ஒரு மாலை அவர் தோட்டத்துக்குப் போங்கள். உங்கள் கிலோ கணக்கையும் ஒரு காலண்டரையும் எடுத்துக்கொண்டு, கத்தரியை எந்தெந்தத் தேதியில் மூன்று பகுதியாக நடுவது, மீதி நிலத்தில் கீரையா அவரையா என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். அவர் சொன்ன தேதிகளைக் குறித்துக்கொண்டு வந்து, அதை வைத்து மெனுவை எழுதுங்கள்.